அசைந்த மரமும் அரை டம்ளர் டீயும்

கண்ணாடிக்காரருக்குக் கலங்கலாகத் தெரியும் எதுவும் ஆகாது. பேருந்து ஜன்னலில் தூசி படிந்திருந்தால் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். டி.வி.யில் படம் லேசாக மங்கினாலும் எழுந்து போய்த் திரையைத் துடைப்பார். கோளாறு ஒளிபரப்பில் இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். இருபத்தெட்டு வருடமாகக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர். காய்கறி வாங்கப் போனாலும் அதே கேள்விதான் வாயில் வரும். கத்தரிக்காய்க்காரி முழிப்பாள்.

அவர் மனைவியும் சளைத்தவர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வருகிறவர்கள் எல்லாரும் 'எக்ஸ்ரேம்மா' என்றே கூப்பிடுவதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேரைப் பலகையில் படுக்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. அசையாதீங்கன்னா அசையாதீங்க... ம், விடலாம்" என்று சொல்வது அவர் வேலை. நோயாளி அசைந்தால் எலும்பு கலங்கும். கலங்கினால் மறுபடி எடுக்கவேண்டும். ஆக, அந்த வீட்டில் ஒருவர் தெளிவை விற்பவர், இன்னொருவர் அசைவைத் தடுப்பவர். குடும்பப் படத்தில் யாராவது கண் சிமிட்டியிருந்தால்கூட அது ஆல்பத்தில் ஏறாது.

மகள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த கையோடு அம்மாவுக்கு ஒரு கேமரா வாங்கி அனுப்பியிருந்தாள். எக்ஸ்ரேம்மா அதை எடுத்துக்கொண்டு சாயங்காலமானால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கொல்லை என்றால் பெரிய தோட்டமெல்லாம் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடிக்கயிறு, சுற்றுச்சுவர், நடுவில் ஒரே ஒரு மரம். வீட்டோடு வந்த மரம். பெயர் யாருக்கும் தெரியாது. உள்ளங்கை அகலத்துக்கு இலை, கிளை தட்டுத் தட்டாக. வருடத்தில் ஒரு முறை, ஒரு பத்துப் பதினைந்து நாள், இலை முழுக்கச் சிவந்து அப்புறம் கொட்டும். கண்ணாடிக்காரருக்கு அந்த மரத்தோடு பெரிய பழக்கம் இல்லை. குப்பை கூட்டும்போது மட்டும் அதன் நினைவு வரும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பாட்டு மேசைமேல் கேமரா இருப்பதைப் பார்த்து, அப்படி என்னதான் எடுக்கிறாள் என்று பின்பக்கத் திரையைத் தட்டினார். ஒரு பழுப்புத் தீற்றல் வந்தது. அடுத்ததைத் தட்டினார். பச்சைத் தீற்றல். அடுத்தது, அடுத்தது, இருபது படம் தள்ளியும் ஒரு கிளைக்கு ஒரு விளிம்பு கிடையாது. ஓரத்தில் தெரிந்த நீலத் தொட்டியின் சாயலை வைத்துத்தான் அது கொல்லை மரம் என்றே கண்டுபிடித்தார்.

முதலில் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். தொழில் அப்படி. அன்று கடைத்தெருவில் நடக்கும்போது, "அதோ வருதே பஸ்ஸு, போர்டுல என்ன எழுதியிருக்கு, சொல்லு பாப்போம்" என்றார். எக்ஸ்ரேம்மா தடம் எண், ஊர், கீழே பொடியாக எழுதியிருந்த வழி எல்லாவற்றையும் ஒப்பித்து, "ஓட்டுநர் மீசை வச்சிருக்கார், அதையும் சொல்லவா?" என்று கேட்டார். கண்ணில் கோளாறு இல்லை. அப்படியென்றால் கை. கை நடுங்குகிறது.

கை நடுங்கினால் எக்ஸ்ரேம்மாவுக்கு வேலை போச்சு. அதனால்தான் மறைக்கிறாள். இப்படி முடிவு கட்டிவிட்டார் மனிதர். ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்து, சட்டைப் பொத்தான் தைக்கவேண்டும், கோத்துக் கொடு என்று சோதித்துப் பார்த்தார். ஒரே குத்தில் கோத்துக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். இன்றைக்கு நல்ல நாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாரே ஒழிய, தன் முடிவில் தப்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிரியம் முற்றினால் புத்தி கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கிறது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் டீ பாதி டம்ளர் ஆனது. காலை டீ போடுவது எப்போதும் அவர் பொறுப்பு. முழு டம்ளர் கொடுத்தால் தளும்பும், தளும்பினால் அவள் மனம் நோகும் என்று பாதியோடு நிறுத்திக்கொண்டார். வாளியைத் தானே தூக்கினார். பாட்டில் மூடிகளை முன்கூட்டியே தளர்த்தி வைத்தார். எக்ஸ்ரேம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பால் தட்டுப்பாடா?" என்று கேட்டார். "உடம்புக்கு இதுதான் நல்லது" என்று பூசி மெழுகினார். கேட்டு வாங்கிக் குடிக்கிற வழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. பாதி டம்ளரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார், மூன்று மாதம்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். கடைக்குப் புதிதாக வந்த கண்ணாடிச் சட்டங்களைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போடவேண்டும் என்று அவர் சொல்ல, "கேமராவை எடுத்துக்கிட்டுப் போங்க, போன்ல நல்லா வராது" என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேம்மா டூட்டிக்குப் போனார். கடையில் கேமராவைத் திறந்தால் மெமரி கார்டில் இடமில்லை. இருநூற்று இருபத்துமூன்று படங்கள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பச்சை, அப்புறம் பச்சையும் மஞ்சளும், கடைசி நூறும் ஒரே சிவப்பு. ஒன்பது படம் மட்டும் ஆடாமல், இலை இலையாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. மிச்சம் இருநூற்றுப் பதினாலும் நடுக்கம்.

இத்தனை தடவை முயன்றிருக்கிறாளே, ஒவ்வொரு தடவையும் இதைப் பார்த்து என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்தார். அந்த இருநூற்றுப் பதினாலையும் அழித்தார். ஒன்பது நல்ல படங்களை விட்டுவைத்தார். எடுத்துப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாக இருந்தால் தெம்பு வரும் அல்லவா? அழித்த இடத்தில் இருநூற்றுப் பதினாலு மூக்குக்கண்ணாடிகளை ஊசி முனைத் தெளிவோடு படமெடுத்து நிரப்பினார். வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினார்.

அன்று பின்மாலையில் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் மரம் மொட்டை. ஒரு இலை மிச்சமில்லை. கொல்லை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது.

"போனா போகுது. வேணுங்கறதை எல்லாம் எடுத்தாச்சு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எக்ஸ்ரேம்மா கேமராவை எடுத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் அரை டம்ளர் டீயோடு வந்து எதிரில் நின்றார், முகத்தில் ஒரு எதிர்பார்ப்போடு.

எக்ஸ்ரேம்மா தட்டினார். கறுப்புச் சட்டம். தட்டினார். பழுப்புச் சட்டம். தங்க நிறம், வட்டம், சதுரம், பாதிச் சட்டம். தட்டத் தட்டக் கண்ணாடியாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒன்பது மரம் வந்து நின்றது.

"மத்ததெல்லாம் எங்கங்க?"

"எது?"

"என் மரம். இருநூறு படம் இருந்துச்சே."

அவர் டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு அது. "இங்க பாரு. எனக்கு எல்லாம் தெரியும். நீ ஒண்ணும் மறைக்க வேண்டாம். கை நடுங்குறது ஒரு குத்தமில்ல. எத்தனையோ பேருக்கு வருது. வேலை போனா போகட்டும், நான் இருக்கேன். அந்த ஆடின படத்தைப் பாத்துப் பாத்து நீ மனசு விட்டுடக் கூடாதுன்னுதான் அழிச்சேன்."

எக்ஸ்ரேம்மாவின் கண் மேசைமேல் இருந்த டம்ளருக்குப் போனது. பிறகு, "அதான் அரை டம்ளரா?" என்று கேட்டார்.

"தளும்பிடுமேன்னு."

எக்ஸ்ரேம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. மேசையைத் தட்டி, வயிற்றைப் பிடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரும் என்ன ஏது என்று புரியாமல் கூடவே கொஞ்சம் சிரித்து வைத்தார். அப்புறம் பார்த்தால் எதிரில் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது, கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"நான் வேணும்னேதாங்க ஆட்டினேன்" என்றார் எக்ஸ்ரேம்மா.

கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்தார். எக்ஸ்ரேம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போய் மொட்டை மரத்தின் முன்னால் நின்று செய்து காட்டினார். "படம் எடுக்கும்போது கேமராவுக்குள்ள ஒரு கதவு திறந்து மூடும். சாதாரணமா நொடியில நூத்துல ஒரு பங்குதான் திறந்திருக்கும். நான் அதை அரை நொடி திறந்து வைப்பேன். அந்த அரை நொடியில கேமராவை அடிமரத்துலேந்து மேல கிளை வரைக்கும் இப்படி ஒரே சீரா தூக்கணும். வேகமாத் தூக்கினா ஒண்ணும் மிஞ்சாது, மெதுவாத் தூக்கினா வெறும் ஆடின படம். சரியா வந்துச்சுன்னா மரம் அப்படியே வழியும். இலை காணாமப் போயிடும், அதோட செவப்பு மட்டும் மிஞ்சும். பத்துத் தடவை எடுத்தா ஒண்ணு தேறும்."

"எதுக்கும்மா இப்படி?" உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நாள் பூரா அசையாதீங்க அசையாதீங்கன்னே சொல்லிட்டு வரேன்ல. வீட்டுக்கு வந்தா எதையாவது அசைக்கணும் போல இருக்கு." கேமராவை மூடினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை நூலகத்து மாடியில படம் வைக்கிறாங்க. எனக்கு ஒரு சுவர் கொடுத்திருக்காங்க. பன்னெண்டு படம். உங்களை அங்க கூட்டிட்டுப் போய் நிறுத்தித்தான் சொல்லணும்னு இருந்தேன். பரவாயில்ல விடுங்க. நாளைக்குப் போன் பண்ணி வேற யாருக்காவது கொடுத்துக்கச் சொல்லிடறேன்."

அந்த 'பரவாயில்ல'தான் அவரைக் கொன்றது. கத்தியிருந்தால், டம்ளரைத் தூக்கி எறிந்திருந்தால், மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார்.

மத்தியானம் மகளுக்குப் போன் செய்தார். விஷயம் அவளுக்கு முன்பே தெரியும் என்பது இன்னொரு அடி. "அப்பா, அந்தச் சுவருக்காக அம்மா மூணு தடவை நூலகத்துக்குப் போனாங்க, தெரியுமா? முதல் ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போய்ட்டு, கேக்கக் கூச்சப்பட்டுத் திரும்பிட்டாங்க. மூணாவது தடவை நான் போன்ல கூடவே இருந்தேன், போங்கம்மா போங்கம்மான்னு. அம்மா தனக்குன்னு ஏதாவது கேட்டு நீங்க பாத்திருக்கீங்களா?" அவர் யோசித்தார். பாதி டம்ளர் டீயைக்கூடக் கேட்டு நிரப்பிக்கொள்ளாதவள். போனை வைத்தார்.

ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினார். மனைவியிடம், "செவ்வாய்க்கிழமை வரைக்கும் போன் பண்ணாதே, எனக்காக" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார். திங்கள் காலை கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் கார்டைக் கொடுத்தார். அழித்த படத்தை மீட்கலாமாமே என்றார். அந்த ஆள் ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அழிச்சதோட விட்டிருந்தா எடுத்திருக்கலாம் சார். அதுக்கு மேலயே கார்டு நிறையக் கண்ணாடியை எழுதி வச்சிருக்கீங்க. இப்ப எத்தனை தடவை தோண்டினாலும் கண்ணாடிதான் வரும்" என்று கையை விரித்தார்.

தானே எடுத்துப் பார்க்கலாம் என்று கடைக்கு எதிரே இருந்த பூச்செடியை அரை நொடி வைத்து எடுத்தார். வரவில்லை. முள் முனையளவு திருகாணிகளை இருபத்தெட்டு வருடம் முடுக்கிய கை அது. ஆட்டச் சொன்னாலும் ஆடாது. அவர் ஆட்டிய ஆட்டில் கேமரா அங்கேயே நின்றது, செடி அச்சு அசலாக விழுந்தது. இத்தனை நாள் பெருமைப்பட்ட கையை அன்று முதல்முறையாகத் திட்டினார்.

சாயங்காலம் கொல்லையைக் கூட்ட விளக்குமாற்றோடு இறங்கினார். வேறு என்ன செய்வது என்று தெரியாதபோது அவர் எதையாவது சுத்தம் செய்வார். இலைகளைக் குவித்தார். தடித்த தோல் இலை, மழை ஈரத்தில் இன்னும் வாடவில்லை, சிவப்பும் குறையவில்லை. வியர்வை இறங்கிக் கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைக்கப் போனவர், கண்ணாடி கையில் இருக்கத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்குப் பவர் மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் முன்னால் நிற்பது மனிதரா மாடா என்று தெரியாது. ஒன்பது வயது வரை இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கரும்பலகையில் இருப்பதைப் படிக்கத் தெரியாத மக்கு என்று பள்ளிக்கூடத்தில் நிற்கவைப்பார்கள். மரம் என்றால் கம்பத்தின்மேல் ஒரு பச்சை உருண்டை, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்த பையன். முதல் கண்ணாடி போட்ட அன்று கடை வாசலில் நின்று, "மரத்துல தனித்தனியா இலை இருக்கு!" என்று கத்தியவன். அன்று தொடங்கியதுதான் கலங்கலின்மேல் அவருக்கு இருக்கும் பகை. கலங்கல் என்றால் அவருக்கு அந்த மக்குப் பட்டம் நினைவுக்கு வரும், வேறொன்றும் வராது.

இப்போது கண்ணாடி இல்லாத கண்ணில், தரையில் இருந்த சிவப்பும் மேலே இருந்த மொட்டைக் கிளையும் ஒன்றாகக் கலந்து நின்றன. எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது ஒட்டவில்லை என்று சொல்லவே முடியவில்லை. அவர் அப்படியே நின்றார். அரை நொடியில் இலையே காணாமல் போகும் என்றாளே. இலை காணாமல் போகிற இடத்தில், அது மரத்தில் முளைத்ததா, யாராவது கட்டிவிட்டதா என்று எவன் கண்டான்?

செவ்வாய்க்கிழமை கடை திறக்கவில்லை. அந்தக் கடைத்தெருவில் அது பேச்சாகிப் போனது. சொந்தக் கல்யாணத்துக்கே பாதி நாள் திறந்து வைத்திருந்தவர் ஆயிற்றே. எக்ஸ்ரேம்மா டூட்டிக்குக் கிளம்பியதும் ஏணியைக் கொல்லைக்குக் கொண்டுவந்தார். கடையிலிருந்து ஒரு நைலான் சுருள். மேல் பாதிக்கு மட்டும் சட்டம் உள்ள கண்ணாடிகளில், வில்லையைக் கீழே தாங்கிப் பிடிப்பது இந்த நைலான்தான். கண்ணுக்குத் தெரியாது, விடவும் விடாது. காம்பில் ஒரு சுற்று, கிளையில் ஒரு சுற்று, குறட்டால் ஒரு முடிச்சு, வெட்டு. அடுத்த இலை.

நாற்பதாவது இலையில் கழுத்து பிடித்துக்கொண்டது. அறுபதில் அடுத்த வீட்டம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, உதிர்ந்த இலையை ஒட்ட வைக்கிறீங்களா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"உதிர்த்தது நான்தான். அதான்."

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். மழை உதிர்த்ததற்கு இவர் ஏன் பொறுப்பேற்கிறார் என்று கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு கூடை சுவர்மேல் ஏறி வந்தது. "எங்க பக்கம் விழுந்ததும் உங்க இலைதானே. கிழிஞ்சது போக மிச்சத்தைப் போட்டிருக்கேன்."

மூன்றரை மணிக்கு எக்ஸ்ரேம்மா வீட்டுக்கு வந்தபோது நூற்று எண்பத்தாறு இலை ஏறியிருந்தது. பின்வாசலில், தோளில் பை தொங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஏணியின் மேல் கணவர். நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாயில் நைலான், கையில் குறடு. மொட்டையாக விட்டுப் போன மரத்தின் கீழ்த்தட்டும் நடுத்தட்டும் சிவந்திருந்தன. காற்றடித்தபோது இலைகள் ஆடவும் செய்தன.

"மேல் தட்டு பாக்கி இருக்கு" என்றார் அவர், தப்புச் செய்து பிடிபட்ட குரலில்.

எக்ஸ்ரேம்மா அருகே வந்து ஒரு இலையைத் திருப்பி முடிச்சைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். எல்லா முடிச்சும் ஒரே அளவு. பிறகு உள்ளே போய்விட்டார். போச்சு, மறுபடியும் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று கண்ணாடிக்காரர் ஏணியிலேயே உட்கார்ந்தார். முட்டி வலித்தது. உள்ளேயிருந்து மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது, அப்புறம் அலமாரி திறக்கும் சத்தம். எக்ஸ்ரேம்மா கேமராவோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம்தான் சரியான வெளிச்சம். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல வெயில் வரும்போது எடுக்கணும். இறங்குங்க."

அவர் இறங்கி ஓரமாக நின்றார். எக்ஸ்ரேம்மா காலை அகற்றி ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்தார். அத்தனை பேருக்குச் சொன்ன மூச்சைத் தானே பிடித்தார். அடிமரத்திலிருந்து கை மேலே எழுந்தது. ஒரு நடுக்கம் இல்லை. அவர் இதற்கு முன் அந்தக் கையை இப்படிப் பார்த்ததில்லை. இதைப் போயா நடுங்குகிறது என்றோம் என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"நைலான் தெரியுதா?" என்று எட்டிப் பார்த்தார்.

"இலையே தெரியல, நைலானுக்கு எங்க போறது?"

நடுத்தட்டில் ஒரு கொத்து சரிந்தது. அவர் பதறி ஏணியில் ஏறினார். முடிச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் 'க்ளிக்' கேட்டது.

"ஐயோ, நான் விழுந்துட்டேனே படத்துல!"

எக்ஸ்ரேம்மா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அங்கேயே இருங்க."

"அசையவா, அசையாம இருக்கவா?"

எக்ஸ்ரேம்மா மறுபடி கேமராவைத் தூக்கினார். ஆயுசில் யாருக்கும் அந்த அம்மாள் கொடுக்காத சலுகை அது. "உங்க இஷ்டம்" என்றார். "ஆட்டறது என் வேலை."

புதன்கிழமை மாலையும் எடுத்தார்கள். மேல் தட்டுக்கு இலை போதவில்லை, அதனால் என்ன. ஆறு மணிக்குள் பிரிண்டுக்குக் கொடுத்தாகவேண்டும். கம்ப்யூட்டரின் முன்னால் இருவரும் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். எக்ஸ்ரேம்மா இரண்டிரண்டு படமாகக் காட்டி, "இதுவா, அதுவா?" என்று கேட்டார். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டார், முகத்தில் குறும்பு தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்டவர் இப்போது பதில் சொல்ல முடியாமல் திணறினார். ஒன்றில் சிவப்பு மேலே போனது, ஒன்றில் கீழே வந்தது. இரண்டும் தெளிவில்லை, இரண்டையும் விட மனசில்லை.

"எனக்குத் தெரியல. ரெண்டையும் வச்சுக்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியில் ஆறு சுவர்கள், ஆறு பேர். கடைசிச் சுவர் எக்ஸ்ரேம்மாவுடையது. பதினோரு படம் சிவப்பும் பழுப்புமாக வழிந்தது. பன்னிரண்டாவதில் மட்டும், சிவப்புக்கு நடுவே, கீழிருந்து மேலாக ஒரு நீலக் கோடு. போன வருடம் கை முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெரியவர் சுவரின் முன்னால் நின்று, "என்னம்மா இது! அசையாதேன்னு என்னை அந்த விரட்டு விரட்டினீங்க. இங்க வந்து பாத்தா ஒண்ணுகூட நிக்கலையே!" என்று சத்தமாகச் சிரித்தார். பிறகு நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இது என்ன, வானமா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றார் எக்ஸ்ரேம்மா. "இந்த மரத்துக்கு இலை கட்டினவர்."

கண்ணாடிக்காரர் எதிர்ச்சுவரில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ நினைத்துக்கொண்டவராகக் கண்ணாடியைக் கழற்றினார். கூடத்தில் இருந்த மனிதர்கள் கரைந்தார்கள். மற்ற சுவர்களில் இருந்த படங்கள் கரைந்தன, ஜன்னல் கரைந்தது. அந்தப் பன்னிரண்டு மட்டும் முன்பு எப்படி இருந்தனவோ கிட்டத்தட்ட அப்படியே நின்றன. அந்த ஒன்பது வயதுப் பையனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் அவனுக்கும் இதே படம்தான் தெரிந்திருக்கும். ஒருவரும் அவனை மக்கு என்று சொல்லியிருக்க முடியாது. அவருக்கு அழுகை வந்தது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கூடத்து மூலையில் ஒரு மேசைமேல் பிளாஸ்கும் டம்ளர்களும் வைத்திருந்தார்கள். அவர் போய் ஒரு டம்ளர் டீ பிடித்தார். பாதியில் கை தானாக நின்றது. நிற்கவிடாமல் ஊற்றினார், விளிம்பு வரை, இதற்கு மேல் ஒரு சொட்டு தாங்காது என்கிற வரை. அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து வந்து மனைவியிடம் நீட்டினார். அதற்குள் கால்வாசி வழியெல்லாம் சிந்தியிருந்தது. முள் முனைத் திருகாணி முடுக்கிய கை இப்போது நின்றபாடில்லை. டீ தளும்பி விரலில் வழிந்தது.

எக்ஸ்ரேம்மா டம்ளரைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார்.

"என்னங்க, கை இப்படி நடுங்குது?"

"நடுங்கல" என்றார் கண்ணாடிக்காரர். "வேணும்னேதான் ஆட்டறேன்."

எக்ஸ்ரேம்மா சிரித்துக்கொண்டே டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே நின்று, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.